முகப்பரு குழியை மூடப் போன இளம்பெண்ணின் கன்னம் கருகியது!

18 ஆயிரம் ரூபாயும் போச்சு - முகமும் போச்சு
அழகு நிலையங்களில் நடப்பது என்ன?

(நமது நிருபர்)

சென்னை,-

மாலைப் பத்திரிகை நிருபர்களுக்கு காலையில்தான் வேலை. விடிந்ததும் போலீஸ் நிலையம், போலீஸ் நிலையமாக ஏறி இறங்க வேண்டும். வழிப்பறி, அடிதடி, சீட்டுப் பணம் மோசடி. இவைதான் வழக்கமாகக் கிடைக்கும்.

சென்ற மாதம் ஒரு நாள் காலை 8 மணி. தென்சென்னையில் ஒரு போலீஸ் நிலையம். நான் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு இருந்தேன். ஓர் இளம்பெண் உள்ளே வந்தார். முகத்தை துப்பட்டாவால் மூடி இருந்தார். கண்கள் மட்டும் தெரிந்தன. கூடவே அவருடைய தாயார்.

"என்னம்மா பிரச்சினை?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அந்தப் பெண் துப்பட்டாவை விலக்கினார்.

இரண்டு கன்னத்திலும் தோசை தீய்ந்தது போல கறுப்புத் திட்டுகள். வலது கன்னத்தில் ஓர் இடத்தில் பொருக்கு தட்டி இருந்தது.

இன்ஸ்பெக்டர் பதறி எழுந்தார். "ஆசிட் வீச்சா? எவன்?"

"யாரும் வீசலை சார். நான்தான் காசு கொடுத்து பூசிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதார்.

தை மாசம் கல்யாணம்

அவருக்கு வயது 24. ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. பெயரைப் போட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆகவே பெயர் இல்லை.

அவர் சொன்ன விவரம் வருமாறு:-

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவருக்கு முகப்பரு வந்தது. நகத்தால் கிள்ளினார். பரு போய்விட்டது. ஆனால் கன்னத்தில் குழிகள் நின்றுவிட்டன.

தை மாதம் திருமணம் நிச்சயம் ஆகி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெண் பார்க்க வந்த கூட்டத்தில் ஓர் அத்தை, "போட்டோவுல மூஞ்சி வழவழன்னு இருந்துச்சே" என்று சொல்லி விட்டாராம். அது மனதில் முள்ளாகக் குத்தி இருக்கிறது.

செல்போனில் ஒரு விளம்பரம் பார்த்தார். 'ஒரே சிட்டிங்கில் பருக் குழி மாயம். தவணை வசதி உண்டு' என்று போட்டு இருந்தது. அந்த அழகு நிலையத்துக்குப் போனார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்து பார்த்தார். 18 ஆயிரம் ரூபாய் என்று பேசி முடித்தார்கள். பாதி கையில் கொடுத்தார். பாதி மாதத் தவணை.

முகம் முழுவதும் ஏதோ ஒரு திரவத்தை பஞ்சில் தொட்டுப் பூசினார்கள். தீயாக எரிந்தது. "எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார்களாம். முகம் வெள்ளை வெளேர் என்று ஆனது. வீட்டுக்கு வந்தார். நான்காவது நாள் தோல் உரிந்தது. பத்தாவது நாள் கண்ணாடியைப் பார்த்தவர் அலறிவிட்டார்.

போய்க் கேட்டதற்கு, "நீ வெயில்ல போயிருப்பே" என்று பதில் வந்ததாம். என்ன மருந்து பூசினார்கள் என்பதைக் கடைசி வரை சொல்லவில்லை. பில்லில் 'ஸ்கின் பேக்கேஜ்' என்று மட்டும் எழுதி இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் மனுவை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்தார். அதோடு எனக்கு அன்றைய வேலை முடிந்திருக்க வேண்டும். இரண்டு பத்திச் செய்தி. எழுதியும் கொடுத்துவிட்டேன்.

ஆனால் மனது கேட்கவில்லை. காரணம் இருக்கிறது.

'பணியாரக்கல்'

என் முகத்திலும் குழி உண்டு.

பத்தாம் வகுப்பில் எனக்கு வைத்த பெயர் 'பணியாரக்கல்'. குழிப்பணியாரம் சுடும் கல் இருக்கிறதே, அதுதான். பிளஸ்-2 முடிக்கிறவரை அந்தப் பெயர்தான். வாத்தியார் ஒருவர்கூட மறந்துபோய் அப்படிக் கூப்பிட்டு இருக்கிறார்.

நானும் சும்மா இருக்கவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தேன். பற்பசை பூசினேன். பிறகு தெருமுனை மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்கினேன். "இதைப் போடு தம்பி, பத்தே நாள்ல மூஞ்சி பளபளக்கும்" என்றார் கடைக்காரர். பளபளத்தது. நிறுத்தியதும் முகம் முழுக்க சிவந்து, பழைய பருவுக்கு வட்டியும் முதலுமாகப் புதுப் பரு வந்தது. மறுபடி அதையே போட்டேன். இரண்டு வருடம் இதே கதை.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது, அந்த விளம்பரத்தை நான் பார்த்திருந்தால் நானும் போயிருப்பேன் என்றுதான் தோன்றியது. ஆகவே இதைத் தோண்டிப் பார்ப்பது என்று கிளம்பினேன். முதலில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் தோல் நோய் பிரிவுக்குப் போனேன். நிருபர் என்று சொல்லவில்லை. ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் நாற்பது பேர் இருக்கும். படை, சொறி, தேமல், வெண்புள்ளி என்று சகல வியாதிக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே காலேஜ் பையன்கள், கம்பெனிச் சீருடையில் பெண்கள். அவர்கள் எல்லோரும் என்னைப் போலக் குனிந்துதான் நின்றார்கள்.

மெத்தையும் பஞ்சும்

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். விரலால் தோலை இழுத்துப் பார்த்தார்.

"என்ன கிரீம் போட்டே?" என்பதுதான் முதல் கேள்வி.

டியூபின் பெயரைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

அது ஸ்டீராய்டு கலந்த களிம்பாம். படை, கரப்பான் போன்ற நோய்க்கு டாக்டர் அளந்து கொடுக்க வேண்டியது. அதை முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும். ரத்த நாளம் வெளியே தெரியும். பெண்களுக்கு முகத்தில் முடி வளரும். பரு குறையாது, கூடும். டாக்டர் சீட்டு இல்லாமல் இத்தகைய களிம்புகளை விற்கக்கூடாது என்று 2018-ம் ஆண்டு மத்திய அரசு விதியைத் திருத்தி இறுக்கியது. விதி இருக்கிறது. தெருமுனைக் கடையும் இருக்கிறது.

"சரி டாக்டர், குழி ஏன் வருது?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன விளக்கம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அப்படியே தருகிறேன்.

"தோல்ங்கிறது மெத்தை மாதிரி. மேல இருக்கிறது உறை. உள்ளே பஞ்சு. அந்தப் பஞ்சுக்கு கொலாஜன்னு பேரு. பரு உனக்கு மேலேதான் தெரியும். ஆனா எண்ணெய்ச் சுரப்பி அடைச்சு, சீழ் வெச்சு, சண்டை நடக்கிறது உள்ளே பஞ்சுல. சண்டை பெரிசா நடந்தா பஞ்சு கரைஞ்சு போகும். பஞ்சு போன இடத்துல உறை உள்வாங்கும். அதான் குழி. நகத்தால கிள்ளினா சண்டை இன்னும் பெரிசாகும்."

அதனால்தான் குழிக்கு கிரீம் போட்டுப் பிரயோசனம் இல்லையாம். உறைமேல் எதைப் பூசினாலும் உள்ளே போன பஞ்சு திரும்பி வராது.

இன்னொரு விஷயமும் சொன்னார். இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பரு போன இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி நிற்கும். அது குழி அல்ல, வெறும் நிறம். விரலால் தடவினால் சமமாக இருக்கும். வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் தானாகவே மங்கும். சில பேருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அந்தப் புள்ளியைக் காட்டி, 'குழி சிகிச்சை' என்று ஆயிரக்கணக்கில் பிடுங்குகிற இடங்கள் உண்டு. மங்கப் போகிற புள்ளி மங்கும். பெயர் அவர்களுக்கு!

குழியிலும் சாதி உண்டு

எல்லாக் குழியும் ஒரே குழி அல்ல. இதுதான் இந்தச் செய்தியின் உயிர்நாடி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கோணி ஊசியால் குத்தியது போல, வாய் சின்னதாகவும் ஆழம் அதிகமாகவும் இருப்பது ஒரு வகை. டாக்டர்கள் இதை 'ஐஸ் பிக்' என்கிறார்கள். ஐஸ் கட்டி உடைக்கும் ஊசியின் பெயர் அது. அம்மைத் தழும்பு போல ஓரம் செங்குத்தாகவும் அடி தட்டையாகவும் இருப்பது இன்னொரு வகை. அதற்குப் பெயர் 'பாக்ஸ் கார்'. அலை அலையாக, மேடு பள்ளமாக இருப்பது மூன்றாவது. அது 'ரோலிங்'.

ஒருவர் முகத்திலேயே மூன்றும் இருக்கும். எனக்கு அலைக் குழிதான் அதிகம். ஊசிக் குழி ஏழெட்டு இருக்கிறது என்று டாக்டரம்மா எண்ணிச் சொன்னார்.

வகைக்கு ஏற்றபடிதான் வைத்தியம். இங்கேதான் அந்த ஜவுளிக்கடைப் பெண் மாட்டிக்கொண்டார்.

ஊசிக் குழிக்கு ஓர் ஆசிட் வைத்தியம் உண்மையிலேயே இருக்கிறது. டிரைகுளோரோ அசிடிக் ஆசிட் என்று பெயர். சுருக்கமாக டி.சி.ஏ. தென்கொரிய டாக்டர்கள் 2002-ல் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். மிகவும் காரமான ஆசிட். பல் குத்தும் குச்சி போன்ற கூர்மையான மரக்குச்சியின் நுனியில் துளி தொட்டு, குழிக்குள்ளே மட்டும் வைத்து அழுத்துவார்கள். குழி வெள்ளையாகும். அடியில் புதிதாகக் கொலாஜன் சுரந்து, குழி மெல்ல மெல்ல மேலே வரும். ஓரத்து நல்ல தோலில் ஒரு துளி படக்கூடாது.

"குச்சி நுனியால வைக்கிறதை பஞ்சுல தொட்டு முகம் முழுக்கப் பூசினா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "யார் முகத்துல பூசினாங்க?" என்றார்.

அதற்கப்புறம்தான் நான் நிருபர் என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் விஷயத்தையும் சொன்னேன். "நான் பார்க்காம அது என்ன ஆசிட்னு சொல்ல மாட்டேன். முகம் முழுக்கப் பூசுற பீலிங்கும் உண்டு. அது காரம் ரொம்பக் கம்மி. பல சிட்டிங் பண்ணணும். அது குழிக்குப் பெரிசா கேட்காது, நிறத்துக்குத்தான் கேட்கும். அவங்க ஒரே சிட்டிங்ல குழியை எடுக்கிறேன்னு காரத்தைக் கூட்டியிருந்தா, அது வைத்தியம் இல்லை. சூடு போட்டது" என்றார்.

மெத்தைப் பட்டன்

என்னைப் போன்ற அலைக் குழிக்காரர்களுக்கு ஆசிட்டே வேண்டியது இல்லையாம். மெத்தையில் நடுநடுவே நூல் கோத்து இழுத்துப் பட்டன் வைத்து இருப்பார்களே, அதுபோல உள்ளே இருந்து ஒரு நார் தோலைக் கீழே இழுத்துப் பிடித்து இருக்கிறது. நாரை அறுத்தால் தோல் மேலே வரும்.

அப்படி அறுக்கும் முறைக்கு 'சப்சிஷன்' என்று பெயர். 1995-ல் அமெரிக்காவில் ஓரன்ட்ரைக் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரண்டு டாக்டர்கள் இதை விவரித்து எழுதினார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, பக்கவாட்டில் வேறு ஓர் ஊசியைத் தோலுக்கு அடியில் நுழைத்து, நாரை அறுப்பார்கள். அறுக்கும்போது 'கரக் கரக்' என்று சத்தம் கேட்குமாம். உள்ளே ரத்தம் கட்டும். ஒன்றிரண்டு வாரம் கன்னம் அடிவாங்கியது போல நீலம் பூத்து இருக்கும்.

"ஆபீசுக்கு லீவு சொல்ல வேணாம், அடிதடி கேஸ்னு சொல்லிக்கலாம்" என்று டாக்டரம்மா சிரித்தார். எங்கள் ஆபீசில் நம்புவார்கள்.

செங்குத்து ஓரம் உள்ள ஆழமான குழியை, வட்டமான சின்னக் கத்தியால் அப்படியே துளைத்து எடுத்துத் தையல் போடுவதும் உண்டு. காதுக்குப் பின்னால் இருந்து தோல் எடுத்து ஒட்டுவதும் உண்டு. குழிக்குள் ஊசியால் ஜெல் நிரப்பி மேலே தூக்குகிறார்கள். அது சில மாதங்களில் கரைந்துவிடும். மறுபடி நிரப்ப வேண்டும். வசதி உள்ளவர்களுக்கு.

பல் டாக்டர் சக்கரம்

முகத்தைச் சீவிச் சமமாக்கும் யோசனை புதிது அல்ல. 1905-லேயே ஜெர்மனியில் குரோமையர் என்ற தோல் டாக்டர், பல் ராவும் சக்கரத்தைக் கொண்டு தழும்பைத் தேய்த்தார். 1953-ல் நியூயார்க்கில் கர்ட்டின் என்ற டாக்டர் கம்பி பிரஷ்ஷைச் சுழலவிட்டுத் தேய்க்கும் முறையைக் கொண்டுவந்தார். உப்புக் காகிதத்தால் தேய்த்ததும் உண்டு. தச்சு வேலைதான், வேறென்ன?

வெள்ளைக்காரர் தோலுக்கு அது ஓரளவு ஒத்துப்போனது. நம் தோலுக்கு அப்படி அல்ல. நம் தோலில் நிறம் சுரக்கும் செல்கள் சுறுசுறுப்பானவை. கொசு கடித்தாலே கறுப்புப் புள்ளி நிற்கிற தோல் இது. தேய்த்தாலும், சுட்டாலும், ஆசிட் வைத்தாலும் கறுத்துவிடும் ஆபத்து நமக்கு அதிகம். வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்கும் அளவை இங்கே அப்படியே வைத்தால் கன்னம் தீய்ந்த தோசைதான்.

இப்போது லேசர் வந்திருக்கிறது. இதில் 'பிராக்‌ஷனல்' என்பதுதான் முக்கியமான சொல். 2004-ல் அமெரிக்க டாக்டர்கள் வெளியிட்ட யோசனை. புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலத் தோலில் புள்ளி புள்ளியாகச் சுடும். இரண்டு புள்ளிக்கு நடுவே நல்ல தோல் அப்படியே இருக்கும். அந்த நல்ல தோல் சுட்ட இடத்தைச் சீக்கிரம் ஆற்றிவிடும். முகம் முழுவதையும் சுடும் பழைய லேசரைவிட இது நம் தோலுக்கு ஆபத்து குறைவு. குறைவு என்றுதான் சொன்னார்கள். இல்லை என்று சொல்லவில்லை.

ஊசி உருளை ஒன்றும் உண்டு. சின்னச் சின்ன ஊசிகள் பதித்த உருளையை முகத்தில் உருட்டுவார்கள். இப்போது பேனா போன்ற மெஷினும் வந்துவிட்டது. ஊசி ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் போகும். காயம் ஆறும்போது கொலாஜன் சுரக்கும். நிறம் கறுக்கும் பயம் இதில் லேசரைவிடக் கம்மி.

ஆனால் வேறு பயம் இருக்கிறது. ரத்தம்.

மூன்றரை ஆண்டு ஜெயில்

கிரைம் நிருபர் என்பதால் இதைத் தேடிப் பிடித்தேன். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு அழகு நிலையம். ரத்தம் எடுத்து, அதில் இருந்து நீரைப் பிரித்து, ஊசியால் முகத்தில் ஏற்றும் 'வாம்பயர் பேஷியல்' அங்கே நடந்தது. உரிமம் கிடையாது. 2018-ல் அதிகாரிகள் அந்த இடத்தை இழுத்து மூடினார்கள். முகத்தை அழகாக்கப் போன பெண்களில் சிலருக்கு எச்.ஐ.வி. கிருமி தொற்றியது தெரியவந்தது. அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024-ல் இதை அறிக்கையாகவே வெளியிட்டது. நடத்திய பெண் டாக்டர் அல்ல. உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2022-ல் மூன்றரை ஆண்டு சிறை.

நம் ஊரில் ஊசி உருளை செல்போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது. ஓர் அறையில் நான்கு பையன்கள், ஓர் உருளை! திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் என் கண்ணால் பார்த்தேன். அடுத்தவர் சவரக் கத்தியைத் தொட மாட்டேன் என்கிறவர்கள் அவர்கள்.

சென்னையையும் விட்டுவிட முடியாது. 2016-ல் இங்கே ஒரு சலூன் மையத்தில் தலைக்கு முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர், மறுநாளோ அதற்கு அடுத்தோ இறந்துபோனார். டாக்டருக்குப் படித்துக்கொண்டு இருந்தவருக்கே அந்தக் கதி. முடி நடுவது, அழகு அறுவை செய்வது போன்றவற்றைத் தகுதியுள்ள டாக்டர்தான் செய்யவேண்டும், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யக்கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்ல வேண்டி வந்தது.

போட்டோவில் மாயம்

அடுத்து எங்கள் ஆபீஸ் போட்டோகிராபர் அண்ணனிடம் போனேன். அந்த அழகு நிலைய விளம்பரத்தில் இருந்த 'முன்', 'பின்' படங்களைக் காட்டினேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். ஜன்னலைத் திறந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தார். ஜன்னலைச் சாத்தி, நேருக்கு நேர் விளக்கைப் போட்டு இன்னொரு படம் எடுத்தார். முகத்தைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

முதல் படத்தில் நான் பணியாரக்கல். இரண்டாவதில் மாப்பிள்ளை.

"பக்கத்துல இருந்து வெளிச்சம் வந்தா குழியில நிழல் விழும். நேரா வந்தா நிழல் ஏது? குழியும் ஏது? அஞ்சு நிமிஷ வேலைடா தம்பி. 18 ஆயிரம் வாங்கட்டுமா?" என்றார்.

அவர் சொன்ன பிறகு அந்த விளம்பரப் படங்களை மறுபடி பார்த்தேன். 'முன்' படத்தில் மூக்கின் நிழல் கன்னத்தில் விழுந்து இருந்தது. 'பின்' படத்தில் நிழலே இல்லை. நீங்களும் இனிமேல் மூக்கு நிழலைப் பாருங்கள்.

யாரிடம் போவது?

வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லாம் டாக்டர் அல்ல. 'காஸ்மெட்டாலஜிஸ்ட்', 'ஸ்கின் எக்ஸ்பர்ட்' என்று போர்டு மாட்டுவதற்கு எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டியது இல்லை. சில வாரப் பயிற்சியில் சான்றிதழ் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. தோல் டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் தோல் மருத்துவத்தில் எம்.டி., அல்லது டிப்ளமோ, டி.என்.பி. என்று ஏதாவது ஒன்று முடித்து இருக்க வேண்டும்.

ஒவ்வொரு டாக்டருக்கும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் உண்டு. அதைக் கிளினிக்கில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், மருந்துச் சீட்டிலும் போட வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு ஒழுங்குமுறை. எண் இல்லை என்றால் கேட்கலாம். கேட்டதற்குக் கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். பெயரைப் போட்டு தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் செல்போனிலேயே தேடவும் வசதி இருக்கிறது. நான் அந்த நிலையத்தின் பில்லை வைத்துக்கொண்டு தேட முயன்றேன். தேடுவதற்கு அதில் ஒரு டாக்டர் பெயரே இல்லை.

பதிவு இல்லாமல் டாக்டர் வேலை பார்த்தால், 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நஷ்டஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில் முக்கியம். விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்வதும் முக்கியம். சண்டை என்று வந்தால் விளம்பரம்தான் முதலில் காணாமல் போகும்.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் கனவு காண வேண்டாம். அழகு சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் பணம் வராது.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு உண்டு. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. எல்லா மெஷினும் எல்லா இடத்திலும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ஊசியால் நாரை அறுப்பதற்கும், குச்சியால் ஆசிட் வைப்பதற்கும் பெரிய மெஷின் எதற்கு? கைதான் வேண்டும்.

நேரம் வேண்டும். வரிசை நீளம். அதை மறைக்க முடியாது. கடையில் வேலை பார்ப்பவருக்கு ஒரு காலைப் பொழுது போவது என்றால் அரை நாள் சம்பளம் போவது. தனியார் நிலையம் இரவு 9 மணிக்கும் திறந்து இருக்கிறது. அந்தப் பெண் ஏன் அங்கே போனார் என்பதற்கு அத்தை சொன்ன சொல் மட்டும் காரணம் அல்ல, இந்தக் கடிகாரமும் காரணம்.

எனக்கு என்ன ஆச்சு?

"எனக்கு எப்ப டாக்டர் நாரை அறுப்பீங்க?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"இப்ப கிடையாது" என்றார்.

என் முகத்தில் இன்னும் பரு வந்துகொண்டு இருக்கிறது. பரு வரும் முகத்தில் குழியை மூடுவது, மழை பெய்யும்போதே ரோடு போடுவது மாதிரியாம். ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் புதுக் குழி விழும். முதலில் பரு நிற்க வேண்டும். அதற்குப் பூச்சு மருந்து கொடுத்தார். கேட்கவில்லை என்றால் மாத்திரை. பெரிய பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் என்று ஒரு மாத்திரை உண்டு. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நன்றாகக் கேட்கும். ஆனால் கர்ப்பிணிகள் சாப்பிட்டால் வயிற்றில் உள்ள குழந்தைக்கு ஊனம் வரும். ஆகவே டாக்டர் பார்க்காமல் அதைத் தொடவே கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அவர் வருத்தப்பட்டார்.

பிறகு தழும்பு எங்கேயாவது மேடாகத் தடித்து வளர்ந்து இருக்கிறதா என்று மார்பு, தோள், தாடையைப் பார்த்தார். அப்படி வளரும் உடம்பு என்றால் முகத்தில் ஊசியோ லேசரோ வைப்பதற்கு முன் பத்து தடவை யோசிக்க வேண்டுமாம். எனக்கு இல்லை.

"முழுசாப் போயிடுமா?"

"போகாது. பாதி குறைஞ்சாலே நல்ல ரிசல்ட். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் நடுவுல ஒரு மாசமாவது விடணும். உள்ளே கொலாஜன் ஊறிவர மூணு மாசத்துல இருந்து ஆறு மாசம் ஆகும். ஒரே நாள்ல எடுத்துடறேன்னு நான் சொன்னா என்னையும் நம்பாதே" என்றார்.

'பாதி' என்று கேட்டபோது முதலில் எனக்குச் சப்பென்று போனது. பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வரும்போது யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எனக்கு உண்மையான கணக்குச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அந்தப் பெண்ணின் நிலை

ஜவுளிக்கடைப் பெண்ணை மறுவாரம் அதே டாக்டரம்மாவிடம் அவருடைய தாயார் அழைத்து வந்தார். நானும் போயிருந்தேன்.

கறுப்புத் திட்டு பெரும்பாலும் மங்கும், ஆனால் மாதக்கணக்கு ஆகும் என்று டாக்டர் சொன்னார். பொருக்கு தட்டிய இடத்தில் சின்னத் தழும்பு நிற்கலாமாம். இப்போதைக்கு எந்த 'சிட்டிங்'கும் கூடாது. வெயில் தடுப்புக் களிம்பு, ஒரு பூச்சு மருந்து, வெளியே போனால் குடை. குழி விவகாரத்தைத் திருமணத்துக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"நேத்து வீடியோ கால்ல துப்பட்டாவை எடுத்துக் காட்டினேன் மேடம்" என்றார் அந்தப் பெண். "வலிக்குதான்னு கேட்டாரு. வேற ஒண்ணும் கேக்கலை."

தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தவணைப் பணம் மட்டும் மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் இருந்து பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அதை நிறுத்துவதற்கு நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக் கொடுக்க ஒரு வக்கீல் முன்வந்து இருக்கிறார்.

நேற்று காலை அந்த அழகு நிலையம் பக்கம் போய்ப் பார்த்தேன். ஷட்டர் பாதி இறக்கி இருந்தது. பழைய போர்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்து இருந்தார்கள். ஏணி மேல் ஒருவர் நின்று புதுப் போர்டு மாட்டிக்கொண்டு இருந்தார். பெயர்தான் வேறு. 'ஒரே சிட்டிங்' என்ற வரி அப்படியே இருந்தது.

போர்டையும் படம் எடுத்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து இருக்கிறேன். போலீசார் விசாரித்து வருகிறார்கள்.